ஞாயிற்றுக்கிழமைச் சாவு மேளம்

ஐம்பத்தேழாம் வருஷ மார்கழியில் இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெய்ததை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வரும். அடுப்புக்குள் தவளை குடும்பம் நடத்தியது. துரையின் தொப்பி உடப்புசல்லாவை வரைக்கும் மிதந்து போய், அங்கே ஒரு வாத்து அதில் முட்டையிட்டது. சத்தியம்.

மூக்கன்தான் எங்கள் தப்பு மேளக்காரன். விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிப்பான். சாவு விழுந்தாலும் அவனே. கள்ளு உள்ளே போனால், லயத்து வரிசை வீட்டில் தன் காம்பராக் கதவிலேயே விரலால் சாவு மேளம் தட்டி, "அம்மாக்கண்ணு, நான் செத்துட்டேன், வந்து அழு" என்பான்.

"மொதல்ல கஞ்சியக் குடிச்சிட்டுச் சாவுங்க" என்பாள் அவன் பெண்சாதி.

அந்த ஞாயிறு மத்தியானம், நமத்த தப்பை எதிர்மேட்டுக் கோயில் தாழ்வாரத்தில் நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. ஓடிப் போய்ச் சொல்ல நேரமில்லை. கத்தினால், தகரக் கூரையில் விழும் மழையில் கேட்காது. பெரட்டு மேளம் அடித்தால் லீவு நாளில் ஒரு பயல் அசையமாட்டான். சாவு மேளத்துக்கு மட்டும்தான் உலையை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் வருவோம்.

அடித்தான். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயமே மேடேறியது.

கந்தப்பன் கங்காணி கையை ஓங்கினார். "கோயில்ல நின்னு சாவு மேளமாடா? யாருடா செத்தது?"

"யாரும் சாவலீங்க. மலை வருதுங்க." அடித்துக்கொண்டே கூட்டத்தில் கண்ணால் தேடினான். "வடிவு, அம்மாக்கண்ணு எங்க?"

அடுத்த காம்பரா சண்முகவடிவு மூச்சு வாங்கினாள். "கூப்புட்டேன் அண்ணே. 'எம் புருஷன் கை எனக்குத் தெரியாதா, வெளையாடுது, ரொட்டி கருகிரும், நீ போ'ன்னு சிரிச்சுச்சு."

தப்பை எறிந்துவிட்டு ஓடினான். பாதி இறக்கத்தில் அவன் இருக்கும்போதே மலை வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் நின்றன, வேரோடு வந்து, நட்டுவைத்த மாதிரி.

மறுநாள் அவளைத் தோண்டி எடுத்தோம். கங்காணியே தப்பைக் கழுவி, காய்ச்சி, நீட்டினார். "அடிடா மூக்கா. உம் பொஞ்சாதிடா."

மூக்கன் கை நீட்டவில்லை.

"அவளுக்கு நேத்தே அடிச்சாச்சுங்க."

மழை விட்டிருந்தது. மேளமில்லாமல்தான் தூக்கிப் போனோம்.