சபைக்குள் அம்மா கிடையாது

கெசையா நனைத்த துணியைப் பிழிந்து திர்சாவின் நெற்றியில் போட்டாள். போட்ட கையை உடனே எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூத்த சகோதரி ஹல்டா காலுறை பின்னிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளியைத் தொடலாம், கொஞ்சக் கூடாது.

திர்சா கெசையா பெற்ற பெண். சபைக்கு வெளியே இருந்தவரை அப்படித்தான். புருஷன் ஆசகேல் குடித்துக் குடித்து வீட்டுக் கட்டில்வரை விற்றபோது, மாசசூசெட்ஸ் மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சபைதான் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டது. உலகத்தையே திருத்த வந்தவர்கள். சாராயம் கிடையாது, அடிமை கிடையாது, எல்லோருக்கும் ஒரே ரொட்டி. ஆசகேல் குடியை அடியோடு விட்டான். கூடவே பெண்டாட்டியையும் விட்டான். இங்கே எல்லோரும் சகோதரன், சகோதரி மட்டும்தான். ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு, பிள்ளைகளுக்குத் தனி வீடு.

வந்த புதிதில் முற்றத்தில் இவளைக் கண்டால் போதும், திர்சா "அம்மா" என்று ஓடி வருவாள். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு வேளையில் அவளைச் சுவர் பார்த்து முட்டி போட வைத்தார்கள். பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கெசையாவே ஒருநாள் சொல்லிக்கொடுத்தாள்: நான் அம்மா இல்லை, சகோதரி, எங்கே சொல்லு. கெட்டிக்காரப் பெண், உடனே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் வாய் தவறியதே இல்லை.

இந்தப் பனிக்காலம் முடிகிற சமயத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. வைத்தியம் பார்க்கும் சகோதரர் காலையில் நாடி பார்த்துவிட்டு மருந்துப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். கெசையாவுக்குப் புரிந்துவிட்டது. பெண் போவதற்குள் அவள் வாயால் ஒரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஹல்டா வெந்நீர் எடுக்கக் கீழே போனாள்.

"திர்சா, கண்ணு, ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடும்மா."

திர்சா கண்ணைத் திறந்து முதலில் கதவைப் பார்த்தாள். "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது சகோதரி," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு கெசையாவின் விரலைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. நீங்க கேட்டத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா உங்கள முட்டி போட வெச்சிடுவாங்க."

படியில் காலடி கேட்டதும் விரலையும் அவளே விட்டாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குளிப்பாட்ட வேறு இரண்டு சகோதரிகளை அனுப்பினார்கள். அடக்கத்துக்குப் போகும்போது கெசையாவுக்கு வரிசையின் கடைசியில் இடம். ரத்த பாசத்தை வென்றவள் என்று சபைத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். அந்த நாக்கு அழுகிப் போகாதா என்று கெசையா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துணி வெளுக்கும் முறை அவளுடையது. திர்சாவின் நீலக் கவுனும் மற்றத் துணிகளோடு வந்தது. அது சாயங்காலத்துக்குள் காய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ள இன்னொரு பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது என்று ஹல்டா சொல்லிவிட்டுப் போனாள்.

ஆசகேல் விறகு சுமந்து வந்து, ஆண்கள் தாண்டக் கூடாத வாசற்படியில் இறக்கினான். அவள் கையிலிருந்த ஈரக் கவுனைப் பார்த்தான். யாருடையது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. இறக்கிய விறகைக் குனிந்து நேராக அடுக்கினான்.

"வெறகு போதுமா, சகோதரி?"

"போதும், சகோதரா."

கெசையா கவுனை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.