வலக் கண்ணில் தெரிந்த நீலம்

கண்புரை அறுவைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கஸ்பாருக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை இருந்தது. எண்ணெய் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி அங்கே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து வந்து அவ்வப்போது அதைச் சரிபார்ப்பது அவர்தான்.

"வலது கண்ணு முடிஞ்சிருச்சு. இடது அடுத்த மாசம்," என்றார், கருவியின் மூடியைத் திறந்துகொண்டே.

"மெதுவா செய்ங்க அங்கிள். மெஷின் எங்கயும் ஓடிப்போகாது லா," என்றாள் ஆய்வுக்கூடத்தைக் கவனிக்கும் குமுதா.

அறை விளக்கை அணைக்கச் சொன்னார். அலைநீளத்தை நீலத்தில் வைத்து, ஒளி வரும் வழியில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தார். எண்களை நம்பும் முன் ஒளியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது அவர் பழக்கம். எப்போதும் மங்கலாக ஒரு கோடு தெரியும். இன்று அட்டையில் நீலம் பளிச்சென்று நின்றது.

அவர் அட்டையைக் கீழே வைத்தார். "குமுதா, உள்ள பல்ப யாராச்சும் மாத்தினீங்களா?"

"இல்லையே. யாரும் தொடல."

கருவியே பிசகிவிட்டதோ? சோதனைக் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தார். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை அது விழுங்க வேண்டும் என்பது முன்பே அளந்து வைத்தது. எல்லா எண்களும் சரியாக வந்தன. போன தடவை எடுத்த அளவுகளோடும் ஒத்துப்போயின.

மறுபடி அட்டையைப் பிடித்தார். வலக் கண்ணை மூடினார். அதே பழைய மங்கல். இடக் கண்ணை மூடினார். நீலம்! மாற்றி மாற்றி மூடித் திறந்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்ன அங்கிள்?"

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லம்மா. என் கண்ணுதான் இத்தன வருஷமா நீலத்த முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு. உள்ள பழைய லென்ஸு மஞ்சளாப் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நான் எங்க காதுல வாங்குனேன்!"

வெளியே வந்து மனைவி ரோசரிக்குப் போன் போட்டார்.

"ஈஸ்டருக்கு எடுத்தியே சேலை, அது என்ன கலரு?"

"நீலம். கடையிலயே பச்சைன்னு சண்ட போட்டீங்களே."

"நீலமாத்தான் இருக்கும்."

"என்னங்க, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரோசரி விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, வாரப்ப பசார்ல கெம்போங் மீன் வாங்கிட்டு வாங்க. இப்பத்தான் கண்ணு தெரியுதுல்ல, நல்லதா பார்த்து எடுங்க."

மிச்ச வேலையை முடித்துக்கொண்டு கஸ்பார் பசாருக்குப் போனார். மீன்களின் முதுகில் பச்சைக்கு நடுவே இத்தனை நீலம் ஓடும் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். மீன்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா அண்ணே?"

கஸ்பார் சிரித்துக்கொண்டே இன்னொரு மீனை எடுத்தார்.