பதினோரு ஜன்னல்களும் ஒன்பது நாள் மான் வேட்டையும்

“நாலு வருஷம், டுவேன். பதினோரு ஜன்னலும் பல்லு புடுங்கின வாயாட்டம் நாலு வருஷமா நிக்குது,” என்று லோர்னா குரலை உயர்த்தியபோது, அவள் புருஷன் டுவேன் க்ரூகர் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

“மரம் பழகணும்னு எத்தன தடவ சொல்றது? வீட்டுக் காத்துக்குப் பழகாம அடிச்சா வளைஞ்சுக்கும்,” என்று அவனும் கத்தினான்.

“நாலு வருஷத்துல காட்டுக் கரடிகூடப் பழகியிருக்கும். உன் மரத்துக்கு மட்டும் என்ன அவ்ளோ வீம்பு?”

எதிர்வீட்டு விதவை பில்லிஸ், விழாத பனியை வாசலில் தள்ளிக்கொண்டிருந்தாள். க்ரூகர் வீட்டுச் சண்டையைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியதில்லை. ஜன்னலைச் சுற்றி ஓரச்சட்டம் இல்லாததால், உள்ளே நடப்பதெல்லாம் இடுக்கு வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். அந்த வகையில் தெரு டுவேனுக்குக் கடன்பட்டிருந்தது.

தொண்ணூறு வயதான அந்த வீட்டின் பழைய சட்டங்களை அவன் ஒரே சனிக்கிழமையில் கடப்பாரை போட்டுப் பெயர்த்தான். பெயர்ப்பதில் அவனுக்கு நிகர் விஸ்கான்சின் மாநிலத்திலேயே கிடையாது. மறுவாரம் புதுச்சட்டங்களை அறுத்து, நாற்பத்து நாலு துண்டுகளையும் சாப்பாட்டு அறைச் சுவரோரம் அடுக்கினான். அன்றிலிருந்து மரம் பழகிக்கொண்டிருக்கிறது. ஜன்னல்களைச் சுற்றி, குளிருக்கு அடைத்த மஞ்சள் நுரை பிதுங்கி நிற்கிறது. தச்சனைக் கூப்பிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்ம்விக் ஊரில் ஒரு ஆண்பிள்ளை ஜன்னல் சட்டம் அடிக்க ஆள் வைப்பது, தன் தட்டில் இருக்கும் கறியை வெட்டித்தர ஆள் வைப்பது மாதிரி.

லோர்னாவின் கவலை வேறு. சபைப் பெண்களின் டிசம்பர் காபி விருந்து வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். போன வருஷமே அவள் முறை. போதகரின் மனைவி ஆர்டிஸ், “பாவம், லோர்னா வீட்ல இன்னும் வேல முடியல” என்று எல்லார் முன்னாலும் இரக்கப்பட்டுத் தள்ளி வைத்தாள். அந்த இரக்கம் லோர்னாவுக்கு இன்னும் தொண்டையில் நின்றது. இந்த வருஷமும் தவறினால் அடுத்த முறை வரப் பத்து வருஷம் ஆகும். டிசம்பர் முதல் சனிக்கிழமை என் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டுவேன் துப்பாக்கியும் பீர்ப்பெட்டியுமாகக் கிளம்பினான். மான் வேட்டைக்கு வருஷத்தில் ஒன்பது நாள்தான் அனுமதி. வண்டி தெருமுனை திரும்பியதும் லோர்னா வெட்கத்தை விட்டு மூன்று தச்சர்களுக்குப் போன் செய்தாள். மூன்று வீட்டிலும் மனைவிமார்தான் எடுத்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வாரம் ஆணி அடிக்கத் தெரிந்த ஆண் எவனும் காட்டுக்கு வெளியே இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தவள், உடை மாற்றாமலே சட்டங்களின் அடுக்கைப் பிரித்தாள். கேக் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் பில்லிஸும் வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு அறை ஜன்னலில் வைத்துப் பார்த்தார்கள், கச்சிதம். சமையலறையில் கால் இஞ்ச் குறைந்தது. படுக்கையறையில் அரை இஞ்ச். மாடியில் ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு பக்கம் இடித்தது.

“ஏம்மா லோர்னா,” என்றாள் பில்லிஸ், “ஒரே ஒரு ஜன்னல அளந்துட்டு நாப்பத்து நாலையும் அறுத்துட்டானா இவன்?”

ஆமாம். ஒரே வீடு, ஒரே கொத்தன், எல்லா ஜன்னலும் ஒரே அளவுதானே என்று முடிவு கட்டியிருக்கிறான். ஏரிப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட அந்த வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. லோர்னா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷமாகப் பழகாதது மரம் இல்லை என்பது புரிந்தது. அளவு தப்பிவிட்டது என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவன் வாய்தான் பழகவில்லை. கோபத்தோடு, அவனை நினைக்கப் பாவமாகவும் இருந்து தொலைத்தது.

மரக்கடையில் கடைக்காரரின் மகள், ஜோடி என்பவள் மட்டும் இருந்தாள். நாற்பது வயது, அப்பா காட்டுக்குப் போகும் வாரத்தில்தான் அந்தக் கடையில் உருப்படியான பதில் கிடைக்கும். லோர்னா சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. இந்த ஊரில் இது நாலாவது வீடு, மற்ற மூன்றும் யாருடையது என்று கேட்காதீர்கள் என்றாள். பிறகு கேட்காமலே சொன்னாள். வழியும் சொன்னாள்: சாய்வாக அறுத்த முனைகளை நேராக வெட்டிவிட்டு, மூலைக்கு ஒரு சதுரக்கட்டை வைத்து அடித்தால் குறைச்சலைக் கட்டை விழுங்கிவிடும். பழைய வீடுகளில் அப்படித்தான் இருக்கும். டுவேன் கடப்பாரை போட்டுப் பெயர்த்ததும் அதைத்தான்.

நாற்பது கட்டைகள் வாங்கினாள். ஆணி அடிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தாள். ரம்பம் பில்லிஸின் காலஞ்சென்ற கணவருடையது. முதல் ஜன்னலுக்கு ஒரு முழுநாள் போனது, ஒரு சட்டமும் போனது. வியாழனுக்குள் ஒரு நாளில் இரண்டு ஜன்னல் முடிக்கப் பழகிவிட்டாள். பொருந்திய சாப்பாட்டு அறை ஜன்னலை மட்டும் டுவேன் அறுத்தபடியே அடித்தாள். அது நியாயம் என்று பட்டது.

ஒன்பதாம் நாள் டுவேன் மானில்லாமல் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“யார் வந்தா?”

“எவனும் வரல.”

பதினோரு ஜன்னலையும் சுற்றி வந்தான். மூலைகளில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். கட்டை ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அளவைப் பற்றிப் பேச வேண்டும். “மரம் நல்லாப் பழகிடுச்சு,” என்றான். விருந்து முடியட்டும் என்று லோர்னா அதை விழுங்கினாள்.

சனிக்கிழமை இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். வேட்டைக்காரன் வீட்டில் அன்று மான் கறி இல்லை, எலுமிச்சை இனிப்புத் துண்டுகள்தான். டுவேன் இஸ்திரி போட்ட சட்டையில், காபி அண்டாவுக்குப் பக்கத்தில், புகழ்ச்சி தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் நின்றிருந்தான். ஆர்டிஸ் ஒரு சதுரக்கட்டையை விரலால் தடவிவிட்டு, “இதெல்லாம் உங்க யோசனையா, டுவேன்? என்ன பொறும உங்களுக்கு,” என்றாள்.

“மரவேலைன்னா அவசரப்படக் கூடாதுங்க,” என்று அவன் ஆரம்பித்தான்.

லோர்னா தட்டை மேஜைமேல் வைத்தாள். 

“இந்த ரூம் ஜன்னல் டுவேன் அறுத்தது, ஆர்டிஸ். அளந்தது இது ஒண்ணத்தான். மத்த பத்தும் நான் பண்ணது, இவன் காட்டுல இருந்தப்ப.”

கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன. டுவேனின் காது அவனுடைய வேட்டைச் சட்டை நிறத்துக்கு வந்தது. ஆர்டிஸ் இரக்கப்பட வாயெடுத்தாள்; யார்மேல் படுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். வேட்டைக்கூட்டாளி வெர்லினின் மனைவி மார்லிஸ்தான் முதலில் பேசினாள்.

“அடுத்த மான் சீசனுக்கு எங்க வீட்டுக்கு வர்றியா? எங்க வீட்ல மரம் ஆறு வருஷமா பழகிட்டிருக்கு.”

தங்கள் வீட்டையும் எழுதிக்கொடுக்க இரண்டு பேர் கைப்பையில் பென்சில் தேடினார்கள். டுவேன் எதையோ பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி கராஜுக்குப் போனான். கடைசி கார் கிளம்பியபிறகுதான் வந்தான். பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்தான். அளவு தப்பிவிட்டது என்று சிங்க்கைப் பார்த்துச் சொன்னான். லோர்னா அவன் கை துடைக்கத் துணியை நீட்டினாள்.

விவாகரத்து வரும் என்று தெரு ஒரு வருஷம் காத்திருந்து ஏமாந்தது. அடுத்த வேட்டை வாரத்தில் லோர்னாவும் ஜோடியும் ஐந்து வீடுகளை முடித்தார்கள். ஜோடி ஜூன் மாதம் எரிவாயு லாரி ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆர்டிஸும் போதகரும் மாற்றலாகி அயோவாவுக்குப் போனார்கள். பில்லிஸ் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளிடம் போனாள். போன இடத்தில், எழுபத்தொரு வயதில், ஓய்வுபெற்ற காப்பீட்டுக்காரர் ஒருவரை மணந்துகொண்டாள். அவருக்கு வேட்டையும் தெரியாது, சுத்தியல் பிடிக்கவும் தெரியாது. எது உடைந்தாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடுகிறாராம். போனில் இதைச் சொல்லும்போது பில்லிஸ் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.