ஒரு மூடி கூடுதல்

விடிவதற்குள் மருந்து டிரம்மை நிரப்பியாக வேண்டும். ஓடையிலிருந்து நானும் மூக்கம்மாள் அத்தையும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். குளிரில் விரல் மடங்கவில்லை. கம்பத்திலிருந்து ஜீப் ஏறி கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வருகிற கூட்டத்தில், பரீட்சை லீவில் அம்மாவோடு வந்தவள் நான் ஒருத்திதான்.

சேவியர் அண்ணன் மருந்துப் பாட்டிலைத் திறந்தார். மூடிதான் அளவு. இரண்டு மூடி ஊற்றச் சொல்லிப் பாட்டிலில் போட்டிருந்தது. அவர் ஐந்து ஊற்றினார்.

"இன்னும் ஒண்ணு ஊத்துய்யா" என்றாள் அம்மா.

இது முதலாளி சொல்லிச் செய்ததில்லை. நாங்களே செய்தது. ஏலக்காயைச் சுரண்டுகிற பேன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மருந்து அடித்த பிறகும் காயில் சொறி விழுந்தால், அந்த இடம் முழுவதையும் கூலியில்லாமல் மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு ஓசி அடி என்று பேர். ஓசி அடிக்குப் பயந்து எல்லோரும் ஒரு மூடி கூட ஊற்றுவார்கள். பேன் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு அதே மருந்தில் நனைந்தும் ஊர்ந்துகொண்டிருக்கும். அடுத்த தடவை இன்னொரு மூடி.

வெயில் ஏறியபோது, மருந்து அடித்துக்கொண்டிருந்த சேவியர் அண்ணன் முகத்தில் கட்டியிருந்த துண்டு எச்சிலில் ஊறி ஒழுகியது. அப்படியே சரிந்தார். கையிலிருந்து நழுவிய ஸ்பிரே கன் தரையில் துள்ளி அவர் முகத்திலேயே மருந்தை அடித்தது. அம்மா ஓடிப்போய் அதை மூடினாள். அவர் தொடை வெட்டி வெட்டி இழுத்தது.

முதலாளி வந்து பார்த்தார். "ஜீப்புல காய் மூட்ட இருக்கு. எறக்கிட்டு வந்து ஏத்திக்கிறலாம்."

நாங்கள் மூட்டைகளை இழுத்து ரோட்டில் போட்டுவிட்டு அண்ணனை ஏற்றினோம். ஜீப் இறங்கியது. முதலாளி ஒரு காயைக் கிள்ளிப் பார்த்தார்.

"பேன் சாகலயே. அன்னத்தாயி, நீ கன்னப் புடி. எட்டு மூடி ஊத்து."

"அந்த மருந்துலதான் ஆளு விழுந்து கெடந்தாரு, முதலாளி" என்றாள் அம்மா.

"இத்துனூண்டு பேனு, அதுக்கே பழகிருச்சு. சோறு திங்கிற ஒடம்புக்குப் பழகாதா?" சிரித்தார்.

அம்மா கன்னை எடுக்கக் குனிந்தாள். அவள் குனிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"பேனு பழகல, முதலாளி" என்றேன். "தாங்காதது பூராம் செத்துப்போச்சு. தப்பிச்சது விட்ட முட்டைதான் பொரிச்சு இப்பக் காயத் திங்கிது. அது மாதிரி நாங்களும் பழகணும்னா எங்கள்ல எத்தன பேரு சாகணும்?"

"யாருடி இவ? பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"ஆமா, முதலாளி."

"வாய மூடு, பவுனு" என்றாள் அம்மா. ஆனால் குனிந்தவள் வெறுங்கையோடு நிமிர்ந்தாள்.

மூக்கம்மாள் அத்தை பாட்டில் மூடியை எடுத்து, ஏல இலையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். பாட்டில்ல போட்டதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்த மாட்டோம். ஓசி அடியும் கெடையாது. மொகத்துக்கும் கைக்கும் மாட்டுறதுக்குக் குடுங்க, அடிக்கிறோம்."

"நாளைக்கு ஜீப்பு ஒங்களுக்கு நிக்காது. கீழ தேவாரம் ஊருல ஆளா இல்ல?"

"அவுகளுக்கும் இதே மருந்துதான? அவுகட்டயும் சொல்லிட்டு வாறோம்."

எல்லோரும் நடந்தே மலையிறங்கினோம். ஆஸ்பத்திரியில் சேவியர் அண்ணனுக்கு மிஷின்தான் மூச்சு விடுகிறது. கண் திறக்கவில்லை. வாசலில் அவர் சம்சாரம் சகாயராணி அக்கா அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னோம்; அவள் அழவில்லை. "நாளைக்கு நானும் வாறேன்" என்றாள்.

இப்போது வீட்டில் விளக்கை அணைத்தாகிவிட்டது. மூன்று தடவை சோப்பு போட்டும் அம்மாவின் கையில் மருந்து வாடை போகவில்லை. தேவாரத்து ஆட்கள் நாங்கள் சொன்னால் கேட்பார்களா, தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளைக்கு வேலையாவது இருந்திருக்கும். கன் அம்மா கையில் இருந்திருக்கும்.

"அம்மா, பயமா இருக்கு."

அவளும் தூங்கவில்லை. "எனக்குந்தான். கண்ண மூடு. ஜீப்பு வாறதுக்கு முந்தி நாம தேவாரத்துல நிக்கணும்."