தறி திருப்பிய முட்டைகள்

செவலைக் கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு போன அன்று, அது இட்டுவைத்த ஏழு முட்டைகள் தவிட்டுக் கூடையில் இருந்தன. தறிச் சத்தத்துக்கு மற்ற கோழிகளெல்லாம் மிரண்டு ஓடும். செவலை மட்டும் தறிக்கூடத்து வாசலிலேயே கால் நீட்டித் தூங்கும். அப்படிப்பட்ட கோழியின் வம்சத்தில் ஒரு குஞ்சாவது மிஞ்ச வேண்டும் என்று துளசிமணிக்கு ஆசை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கோழியும் அடைக்கு உட்காரவில்லை. மிச்சம் இருந்தது புருசன் செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றுதான்.

நஞ்சுண்டனின் பெட்டியைப் பற்றிச் சோமனூர் பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன், ஆன்லைனில் வாங்கிய தெர்மோஸ்டாட், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். போன முறை அதில் வைத்த பன்னிரண்டும் கூமுட்டையாகப் போயின.

“நீ மூடியத் தொறந்து தொறந்து பாத்துத்தான் சூடெல்லாம் போச்சு” என்று பழியைத் துளசிமணி மேல் போட்டுவிட்டார்.

“நான் ரெண்டே தடவதானுங்க தொறந்தேன்.”

“ரெண்டு தடவ பத்தாதா? இந்தத் தடவ கை வெச்சீன்னா பூட்டுப் போட்டுருவேன், பாத்துக்க.”

உண்மையான காரணம் துளசிமணிக்குத் தெரியும். தாய்க்கோழி அடையில் சும்மா உட்கார்ந்திருக்காது, அலகால் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும். உருட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிப்போகும். நஞ்சுண்டனும் இதை யூடியூபில் பார்த்து, தினம் மூன்று முறை திருப்ப வேண்டும் என்று காலண்டரில் எழுதியே வைத்திருந்தார். ஆனால் எட்டுத் தறியில் ஒன்றில் நூல் அறுந்தால் பெண்டாட்டியையே மறந்துவிடுகிற மனுசன், முட்டையையா ஞாபகம் வைத்திருப்பார்?

அதனால் செவலையின் முட்டைகள் பெட்டிக்குள் போன செவ்வாய்க்கிழமையிலிருந்தே துளசிமணி திருட்டு வேலையைத் தொடங்கிவிட்டாள். அவர் பேக்கரிக்குக் கிளம்பியதும் மூடியை ஒரு சாண் தூக்குவாள், ஏழையும் உருட்டிவிடுவாள், மூடுவாள். பத்து நொடி. மூன்றாம் நாள் நான்கு மணி நேரம் கரண்ட் போனபோது மட்டும் இருவரும் சேர்ந்து பெட்டியைச் சுற்றி வெந்நீர் பாட்டில்களை அடுக்கி, ஜமுக்காளத்தைப் போர்த்தினார்கள்.

எட்டாம் நாள் நஞ்சுண்டன் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். ஐந்து முட்டைகளில் ரத்த நாளங்கள் சிவப்பு நூல் மாதிரி ஓடின. இரண்டு வெறும் வெளிச்சமாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, மற்ற ஐந்திலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டார்.

“இனி எது திரும்புச்சு, எது திரும்பலைன்னு கரெக்டாத் தெரியும் பாரு.”

இனித் திருப்பினால் மாட்டிக்கொள்வோம் என்று துளசிமணிக்குப் புரிந்தது. அதற்காகத் திருப்பாமல் விட முடியுமா?

மறுநாள் காலை பெட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம். “ஏ புள்ள, இங்க வா! நேத்து வட்டத்த மேல வெச்சேன். இப்பப் பெருக்கல் மேல இருக்குது. நீ தொட்டியா?”

“பூட்டுப் போடுவேன்னீங்கல்லங்க. நான் எதுக்குங்க தொடப்போறேன்?”

நஞ்சுண்டன் மோவாயைச் சொறிந்தார். பெட்டி இருந்தது தறிக்கூடத்துச் சுவரில் பதித்த பலகைக்கல் மேல். எட்டுத் தறியும் ஓடினால் அந்தச் சுவரே அதிரும். பலகையில் வைத்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். அன்றும் ஒரு டம்ளர் அப்படித்தான் நின்றது. அவர் டம்ளரைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“தறி! தறிதான் புள்ள திருப்புது!”

துளசிமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலமே பேக்கரியில் செய்தி பரவிவிட்டது. நூல் கடை உமர் பாரூக் வீடு வரைக்கும் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, மோட்டார் இல்லாம முட்டை திரும்புதுங்களா?”

“எட்டு மோட்டார் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடுதே பாரூக்கு, அது பத்தாதா?”

“ஏனுங்கக்கா, நெசமாவா?”

“அவிய சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்றாள் துளசிமணி, தரையைப் பார்த்தபடி.

அதிலிருந்து நஞ்சுண்டன் கையால் திருப்புவதையே விட்டுவிட்டார். துளசிமணிக்கு அது வசதியாகப் போயிற்று. இடையில் யாரும் குழப்பவில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் திருப்பினாள். புருசன் ஊரெல்லாம் தறியின் பெருமை பேசப் பேச, அவளுக்குச் சோறு ஒரு கைப்பிடி கூடுதலாக இறங்கியது.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை மதியம், தறிச்சத்தம் திடீரென்று நின்றது. துளசிமணி கரண்ட் போய்விட்டது என்று பதறி ஓடிவந்தாள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. நஞ்சுண்டன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கடைசி மூணு நாள் முட்டையத் திருப்பக்கூடாதாம். குஞ்சு தலைய மேல வெச்சுப் பொரிக்கறதுக்குத் தயாராகுமாம். அதான் தறிய நிறுத்திப்போட்டேன். செவ்வாய்க்கிழமதான் இனி ஓட்டறது.”

“எட்டுத் தறியுமுங்களா?”

“ஒண்ணு ஓடுனாலும் திரும்பிருமல்ல?”

துளசிமணி நின்றுபோன தறிகளை எட்டிப் பார்த்தாள். தறி ஓட்டுகிறவர்கள் மூன்று நாள் சும்மா நிற்பார்கள். துணியை எதிர்பார்த்து ஆள் வந்துவிட்டால் என்ன சொல்வது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால், கோபத்தில் இவர் மூடியைத் தூக்கிவிட்டால்? இந்த மூன்று நாளும் மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் போனால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிச் செத்துப்போகும்.

திங்கட்கிழமை காலை வரை தாங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. பெட்டி மூடியின் மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, தறிய ஓட்டுங்க. அதெல்லாம் திருப்புலீங்க. திருப்புனது நானுங்க. மொத நாள்ல இருந்தே. என்னை என்ன வேணாலும் பேசுங்க, மூடிய மட்டும் தொறந்துபோடாதீங்க.”

நஞ்சுண்டன் காபியை ஒரு மடக்குக் குடித்தார்.

“ரெண்டு நாள்தான் தாங்குன. மூணு தாங்குவீன்னு நெனச்சேன்.”

“என்னங்க?”

“நேத்து இல்ல, அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம தறிக்கு லீவுதான அம்மணி? அன்னைக்கும் முட்டை மூணு தடவ திரும்புச்சு. தறி லீவுல வந்து வேலை செய்யுமா?”

துளசிமணி விரலை மடக்கி யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை! “தெரிஞ்சுமா பேக்கரியில அத்தனை பேசுனீங்க?”

“சொல்லிப்போட்ட சொல்ல எப்படிப் புள்ள திரும்ப வாங்கறது?”

“அதுக்காவ மூணு நாள் தறிய நிறுத்தறதுங்களா?”

“நான் எங்க நிறுத்துனேன்? தறியில ஏத்தற பாவு நூலு தீந்துபோச்சு. புதுப் பாவு செவ்வாய்க்கெழமதான் வருது.”

அவள் மூடியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, பலகையில் இருந்த டம்ளரை அவர் மேல் வீசினாள். குறி தப்பிவிட்டது. டம்ளர் உருண்டு நின்றதும் வீடு அமைதியானது. எட்டுத் தறியும் நின்ற அந்த அமைதியில், பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

கீச்.

இருவரும் காதைப் பெட்டியில் வைத்தார்கள். மறுபடியும் கீச். ஓடு இன்னும் உடையவில்லை, உள்ளே இருந்தே கூப்பிடுகிறது.

“தொறந்து பாக்கட்டா?” என்றார் நஞ்சுண்டன்.

“பூட்டுப் போட்டுருவேன்” என்றாள் துளசிமணி.

செவ்வாய்க்கிழமை பாவு வந்து இறங்குவதற்குள் நான்கு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. ஐந்தாவது ஓட்டில் ஓட்டை போட்டதோடு நின்றுபோனது. நான்கில் மூன்று கறுப்பு. ஒன்று செங்கல் நிறம். சாயங்காலம் தறியை ஓட்டியதும் கறுப்பு மூன்றும் பெட்டி மூலைக்கு ஓடின. செங்கல் நிறக் குஞ்சு மட்டும் தலையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. துளசிமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. உமர் பாரூக் இரண்டு கையிலும் ஒரு புது தெர்மாகோல் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தார்.

“அண்ணா, முப்பது முட்டைங்க. எங்க ஊட்ல தறி இல்லீங்களே. உங்க சுவத்தோரமா வெச்சாத் தானாத் திரும்பிக்குமுங்கல்ல?”

நஞ்சுண்டன் மெல்லத் திரும்பித் துளசிமணியைப் பார்த்தார்.

“வையுங்க” என்றாள் துளசிமணி. “ஆனா ஞாயித்துக்கெழம தறிக்கு லீவுங்க. அன்னைக்கு மட்டும் முப்பதையும் உங்க அண்ணன் திருப்புவாரு.”