ஆள் தென்பட்டால் நிற்கும்

வீடியோவில் சேற்றுப் பாதையின் நடுவே வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இல்லாமல் இரும்புப் பட்டையில் ஊர்ந்து போகும் சின்ன டிராக்டர். பாதாம் தோட்டங்களில் மூட்டை இழுப்பதற்காக கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் ஜெயலீலாவின் குழு செய்தது. போன வருடம் கம்பெனி அதைப் போர்முனைக்கு விற்றது. இப்போது பீரங்கிக் குண்டுகளை இழுக்கிறது. வண்டிக்கு முன்னால் ஒரு சிப்பாய் குப்புறக் கிடந்தான். பாதையில் ஆள் தென்பட்டால் நிற்க வேண்டும் என்று அதற்குப் புரோகிராம் எழுதியவள் ஜெயலீலா. நாற்பது நிமிடம் அப்படியே நின்றது. பிறகு ஏதோ வந்து விழுந்து படம் அறுந்தது.

"அந்த ஸ்டாப்பை எடுத்துடணும் லீலா. வெள்ளிக்கிழமைக்குள்ள டெலிவர் பண்ணணும்" என்றார் மேனேஜர் பத்ரி.

"கீழ கிடக்கறவன் உயிரோட இருந்தா?"

பத்ரி சுவரில் இருந்த பழைய புகைப்படத்தைக் காட்டினார். நூறு வருடத்துக்கு முன், பக்கத்து ஊர் ஸ்டாக்டனின் சதுப்பு வயல்களில் சக்கரம் புதைகிறது என்று பட்டை மாட்டிய டிராக்டர். படத்தில் அது முதல் உலகப் போரில் பிரான்சின் சேற்றில் பீரங்கி இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுவும் வயலுக்குப் பண்ணினதுதான். பண்ணினவனை யாராவது கேள்வி கேட்டாங்களா?"

அவள் அருகில் போய்ப் பார்த்தாள். "இதுல ஒருத்தன் உக்காந்திருக்கான் பத்ரி. கீழ பாத்து ஓட்றான்."

பத்ரி லேப்டாப்பை மூடினார்.

கணவன் தேவநேசனுக்கு மார்ச்சில் வேலை போய்விட்டது. மகள் ரெபெக்கா உட்பட குடும்பத்தின் விசா மொத்தமும் இவள் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "முடியாதுன்னு சொல்லிடவா?" என்று கேட்டபோது அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடினான்.

"ரெபெக்காவுக்கு இந்த வருஷ ஸ்கூலாவது முடியட்டும்" என்றான். பிறகு, "நீ எடுக்கலேன்னா வேற யாராவது எடுக்கத்தான் போறாங்க."

அதை அவளே மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அவன் வாயிலிருந்து கேட்டபோது தாங்க முடியவில்லை.

புரோகிராமில் அந்த ஸ்டாப் பதினோரு வரிகள். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை மதியம் ட்ரேசி ஊருக்கு வெளியே ஒரு தரிசில் சோதனை. வைக்கோல் திணித்த ஒரு பொம்மைக்குப் பழைய சட்டையும் ஆரஞ்சு நிறக் கையுறைகளும் மாட்டி, பாதையின் குறுக்கே போட்டிருந்தார்கள். நிறுத்தும் பொத்தானைப் பிடித்தபடி ஜெயலீலா ஓரமாக நின்றாள். வண்டி வந்தது. வேகம் குறையவில்லை. முன்பக்கம் லேசாக எழும்பித் தாழ்ந்தது. பின்னால் பெட்டிகள் ஏற்றிய டிரெய்லரும் எழும்பித் தாழ்ந்தது. பத்ரி போனில் ஏதோ குறித்துக்கொண்டார். அவள் பொத்தானை அழுத்தவில்லை. பட்டையின் பல்லில் ஒரு கையுறை சிக்கியிருந்தது. விரல்களை விரித்தபடி மேலே வந்தது, மண்ணுக்குள் போனது, மறுபடி மேலே வந்தது, தரிசின் கோடி வரைக்கும்.