மைனஸ் ஐந்து லிட்டர்

நொயேமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். விவசாயக் கல்லூரியில் அவளுக்குப் பாக்கி ஒரே ஒரு தேர்வு: பயன்பாட்டுக் கணிதம். இன்று தேறினால் இந்த ஜூலையிலேயே பட்டம். பட்டம் இருந்தால் ஆகஸ்ட் முதல் தேதி கிரெமோனாவில் ஒரு பால் கூட்டுறவில் வேலை. இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிப்ரவரியிலேயே அவள் தேறியிருக்கலாம். முப்பதுக்குப் பதினெட்டு வந்தாலே தேர்ச்சி. அப்போது இருபத்து மூன்று கிடைத்தது. கொடுத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று எழுந்து போய், அடுத்த முறை வந்து உட்காரலாம். அது மாணவர் உரிமை. நொயேமி அந்த உரிமையைப் பயன்படுத்தினாள். ஒரு வாரம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள். ஜூனில் வந்தபோது பதினொன்று.

பேராசிரியர் தெர்சாகி, மாடு வளர்ப்பவர்களுக்குக் கணிதத்தின் மகிமையை உணர்த்தவே தான் பிறவி எடுத்ததாக நம்புகிறவர். அவர் எழுதிய பாடநூலின் முன்னுரை மட்டும் நாற்பது பக்கம். பசுக்கள் அதற்குப் பிறகுதான் வரும். அவையும் நேர்கோட்டில்தான் வரும்.

"சின்யோரினா பெர்லெண்டிஸ்!"

தன் குடும்பப் பெயரைக் கேட்டதும் நொயேமி கரும்பலகைக்கு ஓடினாள். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கன்று ஈன்ற பசு முதலில் நாளுக்கு நாற்பது லிட்டர் கறக்கிறது. அப்புறம் ஒவ்வொரு நாளும் நூறு மில்லி குறைகிறது.

"முந்நூத்தி அஞ்சு நாள்ல மொத்தம் எவ்வளவு?"

நொயேமி தொகையீடு போட்டு எல்லா நாளையும் கூட்டினாள். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. "ஏழாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தெட்டே முக்கால் லிட்டர், ப்ரொஃபசர்."

"பிரமாதம். நானூத்தி அம்பதாவது நாள் எவ்வளவு கறக்கும்?"

நாற்பதில் நாற்பத்தைந்தைக் கழித்தாள். கழித்துவிட்டு எழுதவில்லை.

"ம்?"

"மைனஸ் அஞ்சு லிட்டர்."

"ரொம்ப சரி!" என்றார் பேராசிரியர், பசுவைத் தானே கறந்தவர்போல.

பின்வரிசையில் இவானோ சிரித்துவிட்டான். அவன் வீட்டில் அறுபது மாடு. "அப்போ காலையில அஞ்சு லிட்டர் கொண்டுபோய் மடியில ஊத்திட்டு வரணுமா, நொயே?"

அறையே குலுங்கியது. பேராசிரியரின் காதுமடல் சிவந்தது. "சின்யோரினா, உங்க நண்பருக்கு நீங்களே விளக்குங்க."

வாயை மூடிக்கொண்டு, கணக்கில் வந்தது அதுதான் என்று சொல்லியிருந்தால் போதும். அது அவளுக்கும் தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை.

"அது வந்து... முந்நூறு நாள் தாண்டினா நாங்க கறக்கிறதையே நிறுத்திடுவோம், ப்ரொஃபசர். அடுத்த கன்னுக்கு முன்னாடி மடிக்கு ஓய்வு வேணும்ல. இந்தக் கோடு அதுவரைக்கும்தான் செல்லும்."

"நேர்கோட்டுக்கு முடிவு கிடையாது."

"கோட்டுக்கு இல்ல. மாட்டுக்கு உண்டு."

"இது பதினோராவது பதிப்பு, சின்யோரினா. இதுவரைக்கும் ஒரு மாடும் ஆட்சேபிக்கலை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"பதினெட்டு," என்றார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார். "உங்க தகுதிக்கு இது அவமானம். வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்த அத்தியாயத்தை மரியாதையாப் படிச்சிட்டு செப்டம்பர்ல வாங்க. இருபத்தேழு எங்கேயும் போயிடாது."

"பதினெட்டா? தூக்கி எறி, நொயே!" என்று இவானோ பின்னாலிருந்து ரோஷப்பட்டான். அவன் ரோஷத்துக்கு என்ன செலவு?

நொயேமிக்குக் கழுத்து வரை சூடேறியது. 'வேண்டாம்' தொண்டையைத் தாண்டி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே நடப்பது எவ்வளவு சுகம் என்பது அவளுக்குப் பழக்கமானது. செப்டம்பரில் கூட்டுறவில் வேறு யாரோ பால் பரிசோதித்துக்கொண்டிருப்பார்கள்.

"எடுத்துக்கிறேன்."

"என்னது?"

"பதினெட்டு. எடுத்துக்கிறேன்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? சுயமரியாதைன்னு ஒண்ணு..."

"இருக்கு, ப்ரொஃபசர். நீங்க பதிவு பண்ணுங்க."

பேராசிரியர் ஒற்றை விரலால் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நொயேமி மேசையைச் சுற்றிப் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். திரையில் 'பதிவானது' என்று வரும்வரை நகரவில்லை. வந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொரு தரம் தட்டச் சொன்னாள்.